சொட்டுப் போட்ட யானைக்காது

தோ பாயோ அடுக்குமாடியில் எங்கள் வீட்டு வாசல் காரிடாரில் ஒரு யானைக்காதுச் செடி வளர்க்கிறேன். சேம்பு இனம்தான், ஒவ்வொரு இலையும் முறம் அளவு. வெயிலைத் தேடி அது கைப்பிடிச் சுவருக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

ஒருநாள் கீழ்வீட்டு அக்கா கையில் ஈரப் புடவையோடு மேலே வந்தார்.

"உங்க ஏர்கான் ஒழுகுது லா. கீழ காயப்போட்ட துணியெல்லாம் நனையுது."

பதறிப்போய் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்றார். அக்கா நம்பவில்லை. மறுநாள் விடிந்ததும் நாங்கள் இருவருமே காரிடாரில் காவல் நின்றோம்.

யானைக்காதின் இலை நுனியில் ஒரு சொட்டு திரண்டது. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கீழே விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

போனில் தேடிப் படித்தேன். "வேர்ல தண்ணி அதிகமானா, காலையில இலை வழியா இப்படித்தான் வெளிய விடுமாம்க்கா."

அக்கா முறைக்கப் பார்த்தார், முடியாமல் சிரித்துவிட்டார். நான் தொட்டியை உள்ளே இழுத்துவைத்து, தண்ணீரையும் குறைத்தேன்.

போகும்போது அக்கா பக்கக் கன்று ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"உங்க கீழ்வீட்டுல சண்டைக்கு வரமாட்டாங்களா?" என்றேன்.

"அவங்க துணிக்கு ட்ரையர் வச்சிருக்காங்க லா."