கட்டாமல் விட்ட கேபிள்

கொத்தமல்லி வாங்கி வந்ததும் தமிழரசி அதன் சணலை அவிழ்த்தெறிந்துவிட்டு, பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கி, மிஞ்சிய வாலை ஒட்ட நறுக்குகிறார். "வால் நீட்டிக்கினு இருந்தா இன்ஸ்பெக்ஷன்ல ஃபெயிலு." புனே பக்கம் சாகணில் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் பதினெட்டு வருட வேலை. வீட்டில் திரைச்சீலை, துடைப்பம், கணவர் ஜெயசீலனின் மூக்குக்கண்ணாடி எல்லாமே கட்டுக்காவலில்தான்.

விஷ்ராந்த்வாடியில் எங்கள் அடுக்ககத்தின் தரைக்குக் கீழுள்ள வண்டி நிறுத்தத்தில் தமிழரசி ஒரு கார் செய்கிறார். வண்டியின் சட்டகம் கோயம்புத்தூரிலிருந்து இரும்புக் குழாய்களாக வந்தது. எஞ்சின், காயலான் கடைக்கு வந்த ஒரு சின்னக் காருடையது. இருக்கை இரண்டு, கூரை கிடையாது. சாலையில் ஓட்ட அனுமதி வாங்குவது தனிப் புராணம். இப்போதைக்கு அடுக்ககச் செயலாளர் ஃபட்கே வைத்த பரீட்சை போதும்: ஞாயிறு பத்து மணிக்குள் வண்டி தானாகச் சரிவேறி மேலே வர வேண்டும், இல்லையென்றால் லாரியில் ஏற்றிப் பழைய இரும்புக்கு அனுப்பிவிடுவார். அன்று லாரியை எட்டு மணிக்கே வரவழைத்துவிட்டார். நம்பிக்கையுள்ள மனிதர்.

எட்டரைக்குக் கிளட்ச் பெடல் பாறையாக இருந்தது. முழு பலத்தோடு மிதித்துவிட்டுக் காலை எடுத்தால், வண்டி ஆட்டுக்குட்டியாகத் துள்ளி அணைந்தது.

"கேபிளுக்கு இன்னா அழகா ஜடை பின்னிக்கிற! எனக்கு ஒருநாளு தலை வாரி வுட்டிருப்பியா?" என்றார் ஜெயசீலன், சட்டகத்தோடு ஆறு இடத்தில் டை போட்டு இறுக்கியிருந்த கிளட்ச் கேபிளைப் பார்த்து.

"வார்றதுக்கு முடி எங்கய்யா கீது? ஸ்டார்ட் பண்ணு."

எஞ்சின் உறுமியது. தமிழரசி குனிந்து டார்ச் அடித்தார்.

"அரே! எஞ்சின் ஆடுது, கேபிள் ஆட முடியல. நானே கட்டிப் போட்டுக்கிறேன்யா!"

சாகணில் அசையாத ஒயர்தான் நல்ல ஒயர். கிளட்ச் கேபிளோ எஞ்சின் குலுங்கும்போது கூடவே குலுங்க வேண்டும். மூலையில் மடக்கி இறுக்கினால் உள்ளே கம்பி உரசிப் பெடல் இறுகும். எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆறு கட்டுகளையும் வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் முகத்தைச் சுளித்தார். பிறகு கேபிளைப் பெரிய வளைவாக விட்டார்: சூடேறும் சைலன்சர் குழாய்க்கு நாலு விரல் தள்ளி, ஸ்டியரிங் தண்டில் படாமல். தொங்கிவிடாதிருக்க, ரப்பர் வைத்த தளர்வான வளையம் இரண்டே இரண்டு.

மிதித்துப் பார்த்தார். "அய்யோ, வெண்ண மாரி போவுதுய்யா!"

ஒன்பது ஐம்பதுக்கு எல்லா பால்கனியிலும் தலைகள். வண்டி சரிவில் பாதி ஏறியிருக்கும்; மேலே நின்ற ஃபட்கே கையைத் தூக்கி, "ருக்கோ, ஸ்கூட்டர்!" என்று கத்தினார். வேண்டுமென்றே என்று நான் சொல்லவில்லை. மேலே குறுக்கே வந்த ஸ்கூட்டரும் சாவகாசமாகத்தான் போனது. நடுச்சரிவில் நின்ற வண்டியின் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, தமிழரசி கிளட்சிலிருந்து பாதத்தை மெல்ல, மிக மெல்ல எடுத்தார். துள்ளல் இல்லை. வண்டி முனகிக்கொண்டே மேலே வந்து, லாரியின் மூக்கருகே நின்றது.

"ஏக் நம்பர், தாயி!" என்று முதலில் கூவியவர் லாரிக்காரர். பால்கனிகள் அதிர்ந்தன. ஜெயசீலன் விசிலடித்தார். ஃபட்கே வாழ்த்துச் சொல்லக் கை நீட்டிக்கொண்டு வந்தார்.

அவர் வந்து சேர்வதற்குள் தமிழரசி ரிவர்ஸ் போட்டு, இன்னொரு முறை ஏறுவதற்காகக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தார்.