ஆராயியின் விமான ஒத்திகை

தோஹாவிலிருந்து டல்லாஸுக்குப் பதினாறு மணி நேரம். அதில் முதல் நான்கு மணி நேரத்தைப் பழகுவதற்காக, வேங்கிக்கால் வீட்டுக் கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை முன்னும் பின்னுமாகப் போட்டு, நடுவில் இருக்கும் இடத்தைக் கையால் முழம் போட்டுப் பார்க்கிறார் ஆராயி. பின் நாற்காலியில் அவருடைய கணவர் பலராமன் உட்கார்ந்திருக்கிறார்.

"கோழிக் கூண்டுல இதவிட ஜாஸ்தி எடம் இருக்கும்" என்கிறார் அவர்.

"கோழிக்கு யாரும் டிக்கெட் போடலீங்க. முட்டிய மடக்குங்க."

ஆராயிக்கு அறுபத்திரண்டு வயது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளை மதியம் ஒரே பாயில் படுக்கவைத்த பழக்கம் இன்னும் குரலில் இருக்கிறது. மகன் மாறன் டல்லாஸில் இருப்பதால் நான்கு தடவை போய் வந்துவிட்டார். தெருவில் யாருக்காவது வெளிநாட்டு டிக்கெட் வந்தால், பெட்டி வாங்கப் போவதற்கு முன் இவரிடம் வருகிறார்கள்.

ஜன்னல் ஓரம் வேண்டாம், நடைபாதை ஓரம் கேளுங்கள் என்பார். பழைய பருத்திப் புடவை, தளர்வான ரவிக்கை. மூக்கு வறண்டு போகாமல் உள்ளே ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். இறங்கும்போது காது அடைத்தால் வாயில் கற்கண்டு. அவர்கள் கொடுக்கும் போர்வையைப் போர்த்திக்கொள்ளாமல் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைக்க வேண்டும். குளிருக்குச் சொந்தத் துப்பட்டி.

"தண்ணி கேக்கக் கூச்சப்படக் கூடாது. சின்ன கிளாஸ்லதான் குடுப்பாங்க. குடிச்சிட்டுத் திரும்பக் கைய நீட்டு. அதுக்கு இங்கிலீசு எதுக்கு?"

எல்லோரும் தூங்கியதும் ஆராயி எழுந்து நடப்பார். பெரிய விமானத்தில் நடுவில் ஒரு வரிசை, இரண்டு பக்கமும் நடைபாதை. நடு வரிசையை வலப்பக்கம் வைத்து, மலை சுற்றுவதுபோலச் சுற்றி வருவார். உணவு வண்டி எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பாரே தவிர, திரும்பி நடக்க மாட்டார். "எடமா சுத்தி எனக்குப் பழக்கமில்ல." ஒருமுறை ஆந்திரப் பெண்கள் இருவர் கேள்வி எதுவும் கேட்காமல் பின்னாலேயே வந்தார்களாம்.

பலராமன் ஒரே ஒரு தடவைதான் போனார். புது ஷூ, புது பேன்ட், இறுக்கிய பெல்ட். பாதி வழியில் ஷூவைக் கழற்றி வைத்தார். இறங்கும்போது கால் வீங்கி, ஷூ ஏறவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பாஸ்போர்ட் சோதனை, பெட்டிச் சோதனை என்று அத்தனை வரிசைகளிலும் வெறுங்காலோடு நின்றார். வெளியே காத்திருந்த மாறன் பார்த்துவிட்டு, "என்னப்பா, இங்கயும் கிரிவலமா?" என்று சிரித்தான். காரில் கூட வந்திருந்த அவன் நண்பர்களும் சிரித்தார்கள். பலராமன் சிரிக்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் வெறுங்காலோடு நடக்கிறவர்தான். ஆனால் அது வேறு.

திரும்பி வந்ததும், இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இப்போது மாறனுக்கு மகள் பிறந்து மூன்று மாதம். பேத்தியைச் செல்போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். டிக்கெட் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது. "நீ போய்ட்டு வா. நெலத்த யாரு பாக்கறது?" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு மூன்று வருடம் ஆகிறது.

ஆராயி வாதாடவில்லை. டாக்டரிடம் கேட்டு, முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை வாங்கி வந்தார். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேன்ட் ஒன்று தைக்கக் கொடுத்தார். தேரடி வீதியில் கணவரின் அளவைவிட இரண்டு அளவு பெரிய கான்வாஸ் ஷூ எடுத்தார்.

"யானைக்கு வாங்கினியா?"

"எறங்கும்போது உங்க காலு அந்த சைசுக்கு வந்துடும். மாட்டிக்கினு ஜம்முனு நடக்கலாம்."

பலராமன் அந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒத்திகையில் இரண்டாவது மணி நேரம். மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று அவர் எழப் பார்க்கிறார்.

"பெல்ட் லைட் எரியுது. உக்காருங்க."

"எங்க எரியுது?"

"நான் சொன்னா எரியுது."

மோட்டாரை ஆராயியே போய் நிறுத்திவிட்டு, அப்படியே அடுப்படிக்குள் போய்ச் சின்னத் தட்டில் சாப்பாடு எடுத்து வருகிறார். அதற்குள் பலராமன் எழுந்து முன் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார். அது முழங்காலில் முட்டியதும், அந்த இடுக்கில் உடம்பை நுழைத்து உட்காருகிறார்.

"போன தடவ முன் சீட்டுல இருந்தவன் வழியெல்லாம் சாஞ்சிக்கினே வந்தான். இவ்ளோதான் உட்டான்."

ஆராயி தட்டை அவர் மடியில் வைக்கிறார். திங்கட்கிழமை மாலை சென்னைக்குக் கார் கிளம்புகிறது. இரண்டு பேர் என்று டிரைவரிடம் பலராமனே போன் பண்ணிச் சொல்லிவிட்டார்.