சாத்திய அறையில் ஓர் இருமல்

அந்த வருஷம் பாபநாசம் பக்கம் முழுக்கக் கூலித் தகராறு. அறுவடைக்கு ஆள் இறங்கவில்லை. சாயங்காலமானால் கொடி பிடித்த ஊர்வலம் எங்கள் தெருமுனை வரை வந்து திரும்பும். அது எங்கள் வீட்டுக்கு வசதியாகப் போயிற்று. தெருப்பக்க அறையின் ஜன்னல்கள் ஏன் எந்நேரமும் சாத்தியிருக்கின்றன என்று யாராவது கேட்டால், "கல்லு கில்லு எறிஞ்சா என்ன பண்றது" என்று சொல்லிவிடுவார் என் மாமியார். ஊர்வலத்தில் வந்தவர்கள் ஒரு கூழாங்கல்லைக்கூட எறிந்ததில்லை. அவர்கள் தலையில் பழியைப் போட்டு நாங்கள் ஒளித்து வைத்தது என் கணவரின் இருமலை.

அவருக்குக் காசநோய். நாத்தனாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வெளியே தெரிந்தால் அந்தப் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று மாமியாருக்குப் பயம். பயத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் செய்த காரியம் இருக்கிறதே! கணவரின் தட்டையும் டம்ளரையும் மாமியாரே தனியாகக் கழுவி, வெந்நீர் ஊற்றி, யாரும் தொடாதபடி வைப்பார். அதோடு வீடே காப்பாற்றப்பட்டுவிட்டதாக நினைப்பு. நானும் கைக்குழந்தையும் மட்டும் அந்தக் காற்றில்லாத அறையிலேயே படுக்க வேண்டும். வேறு இடத்தில் படுத்தால் வேலைக்காரிக்குச் சந்தேகம் வருமாம்.

தஞ்சாவூர் டாக்டர் குழந்தையைப் பரிசோதித்துவிட்டு, "இன்னும் தொத்தலைம்மா. இப்படியே இருந்தா தொத்திக்கும்" என்றார். "தட்டு டம்ளரை விடுங்க. இது காத்துல பரவறது. ஜன்னலைத் திறங்க. வாயைத் துணியால பொத்திக்கிட்டு இருமச் சொல்லுங்க. உடம்பு தேறிடுச்சுன்னு மருந்தை நடுவுல நிறுத்திடாதீங்க." குழந்தைக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைத் திறந்தேன். மாமியார் சாத்தினார். மறுபடி திறந்தேன், மறுபடி சாத்தினார். வாய்ச்சண்டை இல்லை, தாழ்ப்பாள் சத்தம்தான். குழந்தைக்கு மூக்கு ஒழுகினாலே நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

மன்னார்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இருமலை அடக்கிக்கொள்ளும்படி கணவருக்கு உத்தரவு. கூடத்தில் காபி கொடுத்து முடித்த நாத்தனார், பட்டுப்புடவையோடு நேரே அந்த அறைக்குள் போனாள். இரண்டு ஜன்னல்களையும் திறந்தாள். தூங்கிக்கொண்டிருந்த என் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கதவை விரியத் திறந்துபோட்டு வந்தாள்.

"நீங்க தினம் திறந்து என்ன பிரயோஜனம் அண்ணி. இன்னிக்கு நான் திறந்தாத்தான் அம்மா இனிமே சாத்தமாட்டாங்க" என்றாள் என் காதருகே.

உள்ளே இருமல் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். "யாருங்க உள்ள?"

"அது ஒண்ணுமில்லைங்க, தூசி" என்று மாமியார் தொடங்கினார்.

"எங்க அண்ணன்" என்றாள் நாத்தனார். "காசநோய். தஞ்சாவூர்ல மருந்து வாங்கிச் சாப்பிடறார்."

மாமியார் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நாத்தனார் மேல் அன்றைக்கு வந்த பாசம் எனக்கு என் கூடப் பிறந்தவர்கள் மேல்கூட வந்ததில்லை. சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா கை கழுவ வேண்டும் என்று என் பின்னால் கொல்லைப்பக்கம் வந்தார். தண்ணீர் ஊற்றப் போன என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என் சின்னவன் இதே இருமலோட வருஷக்கணக்கா மாடி அறையில கெடக்கான்மா. மெட்ராஸ்ல வேலைன்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கோம். அந்த டாக்டர்கிட்ட அழைச்சிட்டுப் போனா பார்ப்பாங்களா?"