கவிழ்த்து வைத்த சஹன்

உம்மா மௌத்தான பிறகு அவருடைய அலுமாரி எனக்கு மூத்த சகோதரியான ராத்தாவின் பங்குக்குப் போனது. அவர் ஊரான முசலிக்கு ஏற்றிப் போகையில் ஒரு கதவின் கண்ணாடி நொறுங்கிவிட்டது. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். உம்மாவின் பொருளை வைத்திருக்க உங்களுக்கு என்ன தகுதி என்று தொலைபேசியில் கத்தினேன். ராத்தாவோ மற்றக் கதவின் கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றி எனக்கே அனுப்பிவிட்டார். அதோடு இரண்டு வருடம் பேச்சில்லை.

மன்னாரில் என் வீட்டிலேயே சிறிய மின்சூளை வைத்துக் கண்ணாடித் தட்டுகள் செய்கிறேன். போன நோன்பில் ஓர் எண்ணம் வந்தது. அந்தக் கண்ணாடியைச் சஹனாக, கூடி உண்ணும் பெரிய தட்டாக, வளைத்துப் பெருநாளுக்கு ராத்தாவோடு சாப்பிட வேண்டும். ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு நேரம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது?

கண்ணாடியில் மேலும் கீழுமாக இரண்டு பூக்கள் செதுக்கப்பட்டிருந்தன. பூ நடுவில் வர இரண்டு வட்டங்கள் வெட்டினேன். வீட்டிலிருந்த அலுமினியச் சஹனை அச்சாக வைத்தால் சூளைச் சூட்டில் தொய்ந்துவிடும். பஸாரில் எவர்சில்வர் சஹன்களைக் கவிழ்த்துத் தட்டி, தடிப்பும் வழவழப்புமான ஒன்றைத் தேடினேன். யாருக்குக் கலியாணம் என்று கடைக்காரர் கேட்டார். ராத்தாவோடு ராசியாகப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

சஹன் என்றால் உள்ளேதானே சோறு வைப்போம். அந்தப் பழக்கத்தில், ஒட்டாதிருக்க வெள்ளைப் பூச்சுப் பூசி, கண்ணாடியையும் உள்ளேயே வைத்தேன். காலையில் திறந்தால் பூவின் குறுக்கே பிளந்து கிடந்தது. உட்கார்ந்து அழுதேன். சூளை விற்றவரிடம் கேட்டபோதுதான் விளங்கியது: ஆறும்போது உலோகம் கண்ணாடியைவிடக் கூடச் சுருங்கும், உள்ளே இருப்பதை நெரித்துவிடும். கவிழ்த்து முதுகின் மேல் வைத்தால் உலோகம் சுருங்கித் தானாக விலகிக்கொள்ளும்.

இரண்டாவது வட்டத்தைக் கவிழ்த்த சஹனின் மேல் வைத்தேன். விரிசல் இல்லாமல் வந்தது.

முசலிக்கு நானே போய் அழைத்தேன். பெருநாளன்று ராத்தா வந்தார். அந்தச் சஹனில் சோறு போட்டு இருவரும் சாப்பிட்டோம். சோறு குறையக் குறையப் பூ தெரிந்தது. ராத்தாவின் விரல் அதில் நின்றது.

"இது உம்மாட அலுமாரிக் கதவெல்லோ?"

"ஓம் ராத்தா."

"மற்றதை நான்தானே உடைச்சனான்," என்றார். 

எழுந்து போய், பிளந்த முதல் வட்டத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நானும் ஒண்டை உடைச்சுப்போட்டன்."

ராத்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பக்கம் இருந்த பெரிய இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.