எட்டாவது விரல்

என் அண்ணி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாகத் துணி தேய்க்கிறார். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டெல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டைப் பார்க்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. இடது கை விரலை நாக்கில் தொட்டு, பெட்டியின் அடியில் ஒரு தட்டு. 'சுர்' என்றால் தேய்க்கலாம். அதற்குத்தான் பெட்டியில் விளக்கு இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். "விளக்கு பொய் சொல்லும் தம்பி. விரல் சொல்லாது" என்றார்.

அந்த விரல்கள்தான் கடைசியில் எங்கள் காலை வாரின.

அண்ணி, நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டின் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். நாற்பத்திரண்டு பக்கப் படிவம், பத்து வருட வீட்டு முகவரிகள், எல்லாம் தாண்டியாயிற்று. நான் இரண்டு தடவை கோட்டை விட்ட குடியுரிமைத் தேர்வை அவர் முதல் தடவையே தேறினார். அதை அவர் சொல்லிக் காட்டியதே இல்லை. அண்ணன் வாரம் தவறாமல் சொல்லிக் காட்டுகிறான். வந்து மாட்டிக்கொண்டது கைரேகையில். பத்து விரலில் குறைந்தது எட்டு மெஷினில் பதிய வேண்டும். முதல் முறை மூன்று பதிந்தது. இரண்டாம் முறை ஐந்து. சூடும் சோப்பும் ரேகையைத் தின்றிருந்தன.

மூன்றாவது வாய்ப்புதான் கடைசி. அதுவும் போனால், வாழ்ந்த ஊருக்கெல்லாம் எழுதிப்போட்டு போலீஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆறு மாதமாவது ஆகும். எங்களிடம் இருந்தது ஆறு வாரம். அண்ணன் மகளுக்குப் பதினெட்டு முடியப் போகிறது. அதற்குள் தாய் உறுதிமொழி எடுத்துவிட்டால் மகளுக்கும் சேர்த்துக் குடியுரிமை. ஒரு நாள் பிந்தினாலும் அவள் தனியாக முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுவரை இங்கே இருக்க விடுவார்களா என்பதே சந்தேகம். அண்ணன் விண்ணப்பிக்க இன்னும் வருடக் கணக்கு நிறையவில்லை. அந்த மகளை ஐந்து வயதில் அவனிடம் ஊரில் விட்டுவிட்டு முதலில் இங்கே வந்தவர் அண்ணிதான். மறுபடியும் பிரிவதென்றால் தாங்கமாட்டார்.

மூன்று வாரம் லீவு போட்டார். தண்ணீரில் கை வைக்கவில்லை. மகள் பாத்திரம் கழுவினாள், அண்ணன் சமைத்தான். அதைச் சாப்பிட்டதும் ஒரு தியாகம்தான். களிம்பு, கையுறை, தினமும் ஜன்னலோரம் விரல் பரிசோதனை. "அம்மா, கோடு வருது" என்றாள் மகள் ஒரு நாள். அண்ணி பார்த்துவிட்டு உள்ளே போனார். அழத்தான் போனார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த நாள் வந்தது. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, துணைக்கு நான். எட்டரைக்குக் காரோடு போய் நின்றேன். கல்யாணம் ஆகாதவன் சட்டை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது என் சட்டை.

அண்ணி மேலும் கீழும் பார்த்தார். "இந்தச் சட்டையோடவா ஆபீஸுக்குள்ள வரப் போறீங்க? கழட்டுங்க."

கழற்றினேன். புத்தி எங்கே போயிற்றோ. அவர் கையுறையை உருவிவிட்டு இஸ்திரிப் பெட்டியின் வயரைச் செருகினார். பன்னிரண்டு வருடப் பழக்கம் யாரையும் கேட்டுக்கொண்டு வராது. விரல் நாக்குக்குப் போனது, பெட்டிக்குப் போனது. 'சுர்.'

வேறு நாளாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, மரத்துப்போன தோல். மூன்று வாரக் களிம்பில் அது பச்சைக் குழந்தையின் தோலாகியிருந்தது. ஆட்காட்டி விரல் நுனி வெளுத்துக் கொப்புளமாகப் பொங்கியது.

பக்கத்து அறையில் மகள் தலை சீவிக்கொண்டிருந்தாள். "பாப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றார் அண்ணி, மெல்ல. கசங்கிய சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கைரேகை ஆபீஸில் சின்ன அறை. ஒரு கண்ணாடித் தட்டு, திரையில் பத்து விளக்கு, ஜலதோஷம் பிடித்த ஒரு அதிகாரி அம்மா. வலது கை ஐந்தும் பச்சை. இடது பெருவிரல் பச்சை. ஆட்காட்டி விரல் சிவப்பு; அந்த அம்மா கொப்புளத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நடுவிரல் பச்சை. ஏழு. மோதிர விரல் மூன்று தடவையும் சிவப்பு.

மிச்சம் சுண்டு விரல். மஞ்சள் விளக்கு எரிந்தது, மாறவே இல்லை. துடைத்து, அழுத்தி வைக்கச் சொன்னார் அதிகாரி. விளக்கையே நம்பாத அண்ணி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் சட்டையைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது.

பச்சை.

எட்டு, போதும் என்று சொல்லி அதிகாரி சீட்டை அச்சடித்துக் கொடுத்தார். உறுதிமொழிக்குக் கிடைத்த தேதி, மகளின் பிறந்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னால்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதது நான்தான். "என் சட்டையால பாப்பாவோட வாழ்க்கையே போயிருக்கும் அண்ணி."

அண்ணி கொப்புளத்தை ஊதிக்கொண்டார். "சட்டை என்ன பண்ணும்? என் கை பண்ணுச்சு. அவளை இங்க கூட்டிட்டு வந்ததும் இதே கைதான், திட்ட மனசு வரல" என்றார்.

பிறகு என் காலரைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போனதும் அதைக் கழட்டிக் குடுங்க."