காதுகுத்துப் பந்தலில் ஒரு கம்ப்யூட்டர்

போன ஐப்பசியில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரும்பலூருக்குப் பக்கத்தில் ஒரு மக்காச்சோளக் கொல்லையில் நடந்தது இது.

நாங்கள் அரியலூர் பக்கம். என் மனைவி மகளிர் குழு மூலம் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டப் பயிற்சி எடுத்தவள். பறக்கவிடுவது அவள். தண்ணீர் தூக்குவது, மருந்து கலப்பது, பேட்டரி மாற்றுவது நான். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவும் கூச்சப்படுவேன். அதனால் இந்த ஏற்பாடு எனக்கு வசதியாகவே இருந்தது.

கொல்லைக்காரர் ஒரு அக்கா. கணவருக்கு வெளிநாட்டில் வேலை. அந்த வருடம் மக்காச்சோளம் ஒன்றைத்தான் நம்பியிருந்தார். அதில் படைப்புழு இறங்கி, குருத்துக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. பயிர் ஆள் உயரம் வளர்ந்துவிட்டதால் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு ஆட்கள் உள்ளே நுழைய முடியாது. மறுநாளிலிருந்து தொடர்ந்து மழை என்று செல்போனில் காட்டியது. மழை பிடித்துக்கொண்டால் மருந்து தெளிக்க வழியில்லை. அது விடுவதற்குள் புழு எதையும் மிச்சம் வைக்காது.

ட்ரோனோ கிளம்பவே இல்லை. முந்தின நாள் வண்டியில் ஏற்றி வரும்போது வேப்பங்கிளை தட்டி, அதன் தலையில் குடை மாதிரி நிற்கும் ஜிபிஎஸ் உடைந்துவிட்டது. பெரம்பலூர் மெக்கானிக் புதிது மாட்டிக் கொடுத்திருந்தார். அவருக்குப் போன் போட்டோம். ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போயிருந்தார்.

"பார்ட் புதுசுண்ணே, உள்ள இருக்கற புரோகிராம் பழசு. அதான் ரெண்டும் ஒத்துப்போகல. புதுசை ஏத்தணும். லிங்க் அனுப்புறேன். ஆனா விண்டோஸ் கம்ப்யூட்டர் வேணும், அதுல மட்டுந்தான் அந்த சாப்ட்வேர் ஓடும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, டவுனில் எங்களுக்குத் தெரிந்த கடையெல்லாம் பூட்டு. அக்காதான் சொன்னார்: "தம்பி, பக்கத்துத் தெருவுல ஒரு காதுகுத்து நடக்குது. வீடியோ எடுக்க வந்த பொண்ணு லேப்டாப்பும் கையுமாத்தான் உக்காந்திருக்கு. போய்க் கேட்டுப் பாருங்க."

அழைக்காத விசேஷத்துக்குள் எப்படி நுழைவது என்று நின்ற இடத்திலேயே நின்றேன். மனைவி மெக்கானிக்கோடு போனில் இருந்தாள். கையாலேயே 'போங்க' என்று விரட்டினாள்.

பந்தல் வாசலில் பன்னீர் தெளித்தார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாய்மாமன் வூட்டு ஆளுங்களா? இப்பத்தான் வர்றீங்களா? பந்தி போட்டாச்சு, வாங்க வாங்க."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அடுத்த நிமிடம் இலை முன்னால் இருந்தேன். "வெக்கப்படாம சாப்புடுங்க" என்று பெரியவர் இன்னொரு கரண்டி கறியைப் போட வைத்தார். புழு அங்கே தின்கிறது, நான் இங்கே தின்கிறேன் என்று நினைத்தபடியே விழுங்கினேன்.

கை கழுவிவிட்டுத் தேடியபோது, அந்தப் பெண் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன்.

"இது ஆப்பிள் கம்ப்யூட்டர்ண்ணே. நீங்க சொல்ற சாப்ட்வேர் இதுல ஓடாதே" என்றார்.

சரிங்க என்று திரும்பினேன்.

"என்னண்ணே, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க? இருங்க. நான் ஆல்பம் டிசைன் பண்ற சாப்ட்வேரும் விண்டோஸ்லதான் ஓடும். அதுக்காக இதுக்குள்ளயே ஒரு விண்டோஸ் போட்டு வெச்சிருக்கேன். பந்தி முடியற வரைக்கும் எனக்கும் வேலை இல்ல."

'இதுக்குள்ளயா?' என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பைக்கில் அவரை அழைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தேன்.

வரப்போரம் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் லேப்டாப்பை வைத்தார். திரையில் ஒரு கட்டம் திறந்தது. அந்தக் கட்டத்துக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் கண் விழித்தது. அதற்குத் தனிக் கடிகாரம், தனிக் குப்பைத்தொட்டி. தான் இன்னொன்றின் வயிற்றுக்குள் இருப்பது அதற்குத் தெரியுமா என்று எனக்கு ஒரே யோசனை. நான் குனிந்து குனிந்து பார்ப்பதைப் பார்த்து அந்தப் பெண்ணே சொன்னார்.

"ஒரே வூட்ல குடித்தனம் வெச்ச மாதிரிண்ணே. ஆப்பிள் வீட்டுக்காரரு, விண்டோஸ் குடித்தனக்காரரு. கரண்டு, தண்ணி எல்லாமே வீட்டுக்காரரு விட்டாத்தான் இவருக்கு."

ட்ரோனிலிருந்து வயரைச் செருகியதும் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இந்தச் சாமானை ஆப்பிளுக்குக் கொடுக்கவா, விண்டோஸுக்குக் கொடுக்கவா என்று அது கேட்பதாகச் சொன்னார். விண்டோஸை அழுத்தினார். பிறகு கட்டத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி மெக்கானிக் அனுப்பிய சாப்ட்வேரைத் திறக்க, ட்ரோனின் பெயர் வந்து நின்றது. என் மனைவி கை தட்டிவிட்டாள்.

ஏற்ற ஆரம்பித்தோம். ஒரு பச்சைக் கோடு பாதி வரை ஓடி நின்றது. இணைப்பு இல்லை என்றது. வயரைப் பிடுங்கிச் செருகி, விண்டோஸையே அழுத்தி, கட்டத்தைப் பெரிதாக்கி மறுபடி செய்தார். அதே இடத்தில் நின்றது. வேறு வயர் மாற்றினார். அப்போதும் அதேதான்.

"சும்மாச் சும்மா பாதியில நின்னா ட்ரோன் போர்டே போயிரும், பாத்துக்கங்க" என்றார் மெக்கானிக் போனில்.

அக்கா ஒரு குருத்தைப் பிரித்துப் புழுவை எடுத்து நசுக்கினார். பிறகு அடுத்த செடிக்குப் போனார். அத்தனை பெரிய கொல்லையில் ஒவ்வொன்றாக.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கோடு நிற்கும்போது ஒவ்வொரு தடவையும் ட்ரோனின் விளக்கு அணைந்து எரிந்தது. படித்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நமக்கென்ன என்று இருந்தேன். என் மனைவிக்கு என் முகம் தெரியும்.

"என்னங்க, என்னமோ சொல்ல வர்றீங்க. சொல்லித் தொலைங்களேன், யாரும் கடிச்சிட மாட்டாங்க."

"இல்ல... வெளக்கு அணைஞ்சு எரியுதே, அது ஒரு தடவை தூங்கி எந்திரிக்குதோ? எந்திரிச்சு வந்தா மொதல்ல வீட்டுக்காரர் வாசல்லதான நிக்கும்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பட்டென்று சிரித்துவிட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் சிரித்துக்கொண்டே அந்தப் பெரிய கட்டத்தைச் சுருக்கினார். பின்னால் அந்தச் சின்னப் பெட்டி, இதை யாருக்குக் கொடுக்க என்று கேட்டபடி மறைந்து நின்றிருந்தது.

"அட ஆமாண்ணே! பாதியில ட்ரோன் ஆஃப் ஆகி ஆன் ஆகுது. புது ஆளுன்னு நெனச்சு மறுபடி கேக்குது. நாமதான் பாக்கல."

இனிமேல் எது வந்தாலும் கேட்காமல் விண்டோஸுக்கே கொடு என்று ஏதோ மாற்றினார். "சரியா வரும்னு நிச்சயமில்லண்ணே, பாப்போம்" என்று மறுபடி அழுத்தினார். கோடு அதே இடத்துக்கு வந்து நின்றது. விளக்கு அணைந்தது, எரிந்தது. பிறகு கோடு நகர்ந்தது. கடைசி வரை போய்ச் சேர்ந்தது.

அப்புறம் ட்ரோனுக்குள் இருக்கும் திசைகாட்டியைச் சரி செய்ய, நானும் அக்காவும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டியிருந்தது. பந்தி முடிந்து அந்த வழியாக வந்த பெரியவர் நின்றுவிட்டார்.

"தாய்மாமன் வூட்டு ஆளு இங்க யாருக்குத் திருஷ்டி சுத்துறீங்க?"

"எந்தத் தாய்மாமன்?" என்று மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ட்ரோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணைக் காதுகுத்து வீட்டில் கொண்டு விட்டுத் திரும்பியபோது ட்ரோன் பயிருக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் தெளித்து முடித்தோம். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. ஓரத்து வரிசைகளைப் புழு ஏற்கெனவே தின்று தீர்த்திருந்தது. மற்றதெல்லாம் கதிர் பிடித்துவிட்டதாக அக்கா பிறகு போனில் சொன்னார்.

கேள்வி கேட்டால் சிரிப்பார்கள் என்று பயந்து பயந்தே இத்தனை வருடம் எதையும் கேட்காமல் இருந்துவிட்டேன். சிரித்துக்கொண்டே ஒருவர் நம் கேள்வி சரிதானா என்று பார்க்கவும் செய்வார் என்பது எனக்கு அந்த வரப்பில்தான் தெரிந்தது.