மானுக்கு மரம் பார்க்க, ஆட்டோடு அறந்தாங்கி வரை

மான்களுக்குத் தீனிக்காடு என்று பலகை வைத்துவிட்டு, ஆடுகூட வாய் வைக்காத கன்றுகளை நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஊருக்கு நடந்த அநியாயம் இதுதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

அன்னவாசலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. ஊருக்கும் புதர்க்காட்டுக்கும் நடுவில் பத்து ஏக்கர் பொட்டல் கிடக்கிறது, பஞ்சாயத்துக்குச் சொந்தம். ஒரு காலத்தில் தைலமரம் நின்ற இடம். கோடையில் காட்டில் தீனி தீர்ந்ததும் புள்ளிமான்கள் அந்தப் பொட்டலைத் தாண்டி, தார்ரோட்டையும் தாண்டி, கடலைக்கொல்லைக்கு வரும். சில ரோட்டில் அடிபடும். தப்பியதை நாய்கள் மடக்கும். போன சித்திரையில் ஒரு பெண்மானைக் கண்மாய்க்கரையில் கடித்துப் போட்டிருந்தன. வனத்துறை ஆட்கள் வந்து எடுத்துப் போகும்வரை நாய்களை விரட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கமே மானுக்குத் தீனி இருந்தால் அது ஏன் ரோட்டைத் தாண்டப் போகிறது? இந்த யோசனை நல்ல யோசனை. வெளியூரிலிருந்து வந்த ஓர் அமைப்பு அதைச் செய்ய முன்வந்தது. ஆனால் எங்கள் பக்கம் கன்று வாங்கப் போகிற எவரும் முதலில் கேட்பது, “ஆடு தொடாதுல்ல?” என்பதைத்தான். வேலி போட வழியில்லாத ஊர்களில் அது நியாயமான கேள்வி. ரோட்டோரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கேட்கலாம். இவர்கள் மானுக்குச் சாப்பாடு நடும்போதும் அதையே கேட்டு வாங்கி வந்தார்கள். புங்கன், நெட்டிலிங்கம், தங்க அரளி. நட்ட அன்றே எழுந்து நின்று சொன்னேன். “பெரியவரே, லிஸ்ட்டு மேலேருந்து வந்துருச்சு” என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்பு. சைக்கிள் கடை வைத்திருந்தவன். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நானாகப் படித்ததும் காட்டோரம் நின்று பார்த்ததும்தான். என் பேச்சு எடுபடவில்லை.

இந்தப் புரட்டாசியில் விஷயம் முற்றிவிட்டது. தீனிக்காட்டால் பயனில்லை, பழையபடி தைலமரமே போடலாம் என்று கிராம சபையில் தீர்மானம் வரப் போகிறது என்று தெரிந்தது. பஞ்சாயத்துத் தலைவர் எனக்கு மகள் முறை. வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். “மான் திங்கிற கன்னு எதுன்னு கூட்டத்துல கண்ணுல காட்டுங்க பெரியப்பா, தீர்மானத்த நிறுத்தி வைக்கிறேன். இல்லாட்டித் தைலந்தான்” என்று முடித்துவிட்டது அந்தப் பிள்ளை. கூட்டத்துக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அந்த ஒரு நாள் பயணத்தைத்தான் எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் மான் இருந்தால் உதவும்.

விடிந்ததும் ரபீக்கின் குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்தேன். ரபீக் கத்தாரில் வண்டி ஓட்டிவிட்டு வந்து அன்னவாசலில் சொந்தமாக லோடு வண்டி வைத்திருக்கிறார். டீசலோடு மூவாயிரம் ரூபாய். வண்டி வந்ததும் எதிர்வீட்டு மாரியாயியிடம் போய் அவளுடைய கருப்பு ஆட்டைக் கேட்டேன். மாரியாயி எனக்கு மதினி முறை. வாய் சும்மா இருக்காது.

“ஒங்க மானு திங்கிறதுக்கு எங் ஆட்டு வாயி வாடகைக்கா கொழுந்தனாரே?”

“ஆமா மதினி. சாயங்காலம் வாயோட திருப்பித் தாரேன்.”

“வயிறும் ரொம்பியிருக்கணும். இல்லாட்டி வண்டியவிட்டு எறக்காதீங்க.”

ஆட்டை ஏற்றியதும் ரபீக் சிரித்தார். “அய்யா, சந்தைக்குப் போறமுன்னு நெனச்சு வழியில ரெண்டு பேராச்சும் வெல கேப்பான்.”

“கேட்டா இது விக்கிற ஆடில்ல, ஆபீசருன்னு சொல்லு பாய்.”

புதுக்கோட்டைக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு அறந்தாங்கி ரோட்டைப் பிடித்தோம். முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். நல்ல ரோடு. அறந்தாங்கிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரத்தில் கன்றுப் பண்ணைகள் வரும். அவற்றில் பெரியதாக ஒன்றைப் பார்த்து நிறுத்தினோம். ஆட்டை இறக்கியதைப் பார்த்ததும் பண்ணைக்காரர் ஓடி வந்தார்.

“ஆட்டக் கெட்டுங்க, ஆட்டக் கெட்டுங்க. என்னா வேணும் ஒங்களுக்கு?”

“கன்னு வேணும். இது தின்னா வாங்குவேன். தின்னதுக்கும் காசு தாரேன்.”

அவர் ரபீக்கைப் பார்த்தார். ரபீக் வானத்தைப் பார்த்தார்.

முதலில் அவர் கொண்டுவந்தது புங்கன் கிளைதான். ஆடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. “பாத்தீங்களா, ஆடு தொடவே தொடாது” என்றார் பெருமையாக. “அதனாலதான்யா வேணாம்” என்றேன். ஆடு தின்கிற கன்றாகப் பார்த்து வாங்க வந்த முதல் ஆள் நான்தான் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. ஆத்தி இலையை நீட்டினார். ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. உசிலைக்கும் அப்படியே. இலந்தை முள்ளையும் பொருட்படுத்தாமல் உருவித் தின்றது. இத்தனை நாளாகக் காட்டோரம் நின்று மான் மேய்வதைப் பார்த்துப் பார்த்து மனதில் வைத்திருந்த மரங்களை ஆடு ஒவ்வொன்றாக ஆமோதித்துக்கொண்டே வந்தது.

இலுப்பையில் மட்டும் இடறியது. இலையை முகர்ந்த ஆடு திரும்பி நின்றுகொண்டது.

“ஆபீசரு பெயில் போட்டுட்டாரே அய்யா” என்றார் ரபீக்.

“இது பேப்பரே வேற பாய்” என்றுவிட்டுப் பண்ணைக்காரரிடம், “இலுப்பையில இருபது எடுத்து வைங்க” என்றேன்.

“ஆடு திங்கலையே?” என்றார் பண்ணைக்காரர்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் ஆட்டை மட்டும் நம்பிப் போனாலும் தப்பாகிவிடும். மான் மரம் ஏறாது, ஆடு மாதிரி முன்கால் தூக்கி வைத்துக் கிளையை வளைத்து நாள் முழுக்கத் தின்கிற ஜாதியும் இல்லை. மழைக்காலத்தில் அதற்குப் புல் போதும். பசி காலத்தில் கீழே விழுந்து கிடப்பதைப் பொறுக்கித் தின்னும். ஆகவே எந்த மரத்தின் இலை ருசி என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. எந்த மரத்திலிருந்து எந்த மாதத்தில் என்ன விழும் என்றும் கேட்க வேண்டும். இலுப்பைப் பூ பங்குனி சித்திரையில், சரியாகப் பசி உச்சத்தில் இருக்கும்போது கொட்டும். கருவேலங்காயும் வெள்வேலங்காயும் கோடையில் உதிரும். களாவும் நாவலும் அதற்கடுத்து வரும். மார்கழிக்கு மேல் இலந்தைப்பழமும் நெல்லிக்காயும். இப்படி மாதத்தைக் கோத்து நட்டால் வருஷம் முழுக்கப் பந்தி நடக்கும். ஒரே மரமாக ஆயிரம் நட்டால் ஒரு மாதச் சாப்பாடுதான்.

இதையெல்லாம் பண்ணைக்காரரிடமும் சொல்லி முடித்தபோது அவர் இலுப்பையோடு மற்றதையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இருபது ரூபாயிலிருந்து நாற்பது ரூபாய் வரை கன்றுக்கு வாங்கினார். ஆடு தின்றதற்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

களாவும் காரையும் சூரையும் பண்ணையில் இல்லை. முள்செடியை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? ஆனால் மான் ஒதுங்கி நின்று மேய்வதற்கு அந்தப் புதர்கள்தான் வேண்டும். அறந்தாங்கியைத் தாண்டி ஒன்பது கிலோமீட்டரில் ஓர் அய்யனார் கோயில் காடு இருப்பதாகப் பண்ணைக்காரரே வழி சொன்னார். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. மழை பெய்திருந்தால் குட்டியானை போகாது.

காட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினோம். வீரை, பாலை, காரை எல்லாம் பின்னிப் பிணைந்து பட்டப்பகலில் இருட்டிக் கிடந்தது. பூசாரி என் வயதுக்காரர். ஆட்டைப் பார்த்து, “நேத்திக்கடனா?” என்றார். ரபீக், “இல்லங்க, டூட்டில இருக்கு” என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“உள்ள ஒரு குச்சி ஒடிக்க விட மாட்டேன். அது அய்யனாருக்கு” என்றார் பூசாரி. “இந்தா, இந்தக் கல்லுக்கு இங்கிட்டுக் குருவி எச்சம் போட்டு மொளச்சுக் கெடக்குது பாருங்க, அது எவனுக்கும் இல்ல. கொல்லைக்காரன் எப்படியும் வெட்டித்தான் போடப் போறான். வேணுங்கறத அள்ளிட்டுப் போங்க.”

எல்லைக்கல்லுக்கு வெளியே வரப்பு நெடுக முளைத்துக் கிடந்தன. பூசாரியும் சேர்ந்து மூன்று பேரும் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி ஏற்றினோம். பெயர்த்த நாற்று பாதி பட்டுப்போகும். தெரிந்துதான் இரட்டிப்பாக எடுத்தேன்.

மறுநாள் கிராம சபை. நான் எழுந்து, கூட்டத்தைப் பொட்டலுக்கு நடக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். கன்றுகளை இறக்காமல் ரபீக்கின் வண்டியை முன்பே அங்கே நிறுத்தியிருந்தேன். மாரியாயியின் ஆட்டை அவிழ்த்துத் தீனிக்காட்டுக்குள் விட்டேன். காலையிலிருந்து அதற்கு ஒன்றும் போடவில்லை. அது புங்கனைத் தாண்டியது, நெட்டிலிங்கத்தைத் தாண்டியது, தங்க அரளிக்குப் பக்கத்தில் நின்று தும்மியது. பிறகு ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்து, குட்டியானையின் பின்பலகையில் முன்கால் வைத்து ஓர் ஆத்திக் கன்றைப் பாதிக்கு முடித்துவிட்டது. கூட்டம் சிரித்துத் தீர்த்தது.

சிரிக்காமல் நின்றவள் மாரியாயி ஒருத்திதான்.

“எல்லாஞ் சரி கொழுந்தனாரே. ஆடு திங்கிறதா பாத்து நட்டுட்டு, ஆடு திங்கக் கூடாதும்பீக. நாங்க எங்கிட்டு ஓட்டிட்டுப் போறது?”

சிரிப்பு நின்றுவிட்டது. ஆடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவள் பக்கம் நகர்ந்தார்கள். தலைவர் என்னைப் பார்த்தார். தைலமரம் மறுபடி எட்டிப் பார்த்ததை நான் உணர்ந்தேன்.

“கன்னுக்கு எடையில வளர்ற புல்லு பூரா ஆடு வச்சிருக்கவங்களுக்கு. உள்ள ஓட்ட வேணாம், அறுத்துட்டுப் போங்க. மூணு வருசம். அதுக்கப்புறம் கன்னு ஒசந்துரும்” என்றேன்.

மாரியாயி யோசித்தாள். “நாலாம் வருசம் எங் ஆட்டுக்கும் ஆத்தி எல வேணும்.”

“கீழ்க்கிள பூரா ஒனக்குத்தான் மதினி.”

“எழுதிக்கங்க” என்றாள் அவள், என்னிடமில்லை, தலைவரிடம். தைலமரத் தீர்மானத்தை நிறுத்தி வைத்தார்கள். வருகிற பங்குனியில் வந்து பார்ப்பார்களாம். கன்று உயிரோடு இல்லாவிட்டால் தைலந்தானாம். பார்க்கட்டும்.

நீங்கள் போவதாக இருந்தால் புரட்டாசியில், மழைக்கு முன்னால் போங்கள். சாக்கும் தண்ணீர்க் கேனும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு கிடைத்தால் ஆடும். மானுக்கு நேராகத் தீனி கொண்டுபோய் வைக்காதீர்கள். அது மனிதனை நம்பி ரோட்டுக்கு வரும்.

இனிச் செய்ய வேண்டியவை. கன்று கொடுப்பவர்கள், யாருக்காக நடுகிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும், அதற்கப்புறம் ஆட்டைப் பற்றிப் பேசலாம். பட்டியல் அனுப்புகிறவர்கள் ஒரு சித்திரை மாதம் இங்கே வந்து நின்று, மான் எதைத் தின்கிறது என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். பஞ்சாயத்து, சுற்றிலும் சீமைக்கருவேல் முள்ளை வெட்டிப் போட்டு அடைக்க வேண்டும், வேறு வேலிக்குச் செலவு செய்ய வேண்டாம். மாரியாயி தன் பட்டியில் ஆடு துப்புகிற வெள்வேல் விதையைக் கூட்டிக் கொட்டாமல் எனக்குத் தர வேண்டும். ரபீக் வாரம் ஒரு நடை தண்ணீர் ஏற்றி வர வேண்டும், டீசல் என்னுடையது. நாய் வளர்ப்பவர்கள் கோடையில் அதைக் கட்டி வைக்க வேண்டும். பலகையை யாரும் கழற்ற வேண்டாம். அதில் எழுதியிருப்பதை உண்மையாக்க வேண்டியவன் நான்.